அனுமதி வாங்கிய போராட்டம்

ஒரு அறையைக் கைப்பற்றுவதென்று கிளம்பிப் போன மாணவர்களுக்கு, அந்த அறையை ஏற்கெனவே ஒதுக்கி, ஹீற்றரும் போட்டு, கதவையும் திறந்து வைத்திருந்தார்கள் என்று சொன்னால் கேட்பவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நானும் இப்போது சிரித்துக்கொண்டுதான் சொல்கிறேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அனுமதியை வாங்கிக் கொடுத்தவர்கள் என் ஆட்கள்.

நான் அப்போது ஜெர்மனியில், டோர்ட்மண்ட் நகரில் அம்மாவோடு இருந்தபடி, சுரங்கங்களுக்குப் பேர்போன ரூர் பகுதியிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். அங்கே புதன்கிழமை பின்னேரங்களில் ஒரு வகுப்பு நடந்தது. ரூர் பகுதிக்கு வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் வரலாறுதான் பாடம். படிப்பித்த ஆசிரியை, கொரியாவிலிருந்து இங்கே தாதி வேலைக்கு வந்த ஒரு பெண்ணின் மகள். குரலை உயர்த்தாமல் பேசுவார். எங்களில் யாராவது வந்து குடியேறிய ஒருவரைப் பற்றிப் பெரிய பெரிய சொற்களை அள்ளி வீசினால், முழுவதையும் கேட்டுவிட்டு, அந்த மனிதர் அன்றைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டார் என்று கேட்பார். நாங்கள் முழிப்போம். பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுத்திருந்தது தற்காலிக வேலை. ஒவ்வொரு பருவமும் முடியும்போது, அடுத்ததற்கு ஒப்பந்தம் வருமா வராதா என்று காத்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் நான் படித்த வரலாற்றில் நிலக்கரி இருந்தது, இரும்பு இருந்தது, இரண்டு பெரிய போர்கள் இருந்தன. நாங்கள் இருக்கவில்லை. சமூகக் கல்விப் புத்தகத்தில் மாத்திரம், பிரச்சினைகளைப் பற்றிய பாடத்தில், போர்வையைப் போர்த்துக்கொண்டு வரிசையில் நிற்கும் அகதிகள் சிலரின் படமாக வந்து போனோம். அந்தப் பாடம் நடந்த கிழமை வகுப்பில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தது எனக்கு இன்னும் எரிச்சல் தரும் விஷயம். அதனால் இந்தப் புதன்கிழமை வகுப்பில் அந்த ஆசிரியை எண்பதுகளின் பத்திரிகை நறுக்குகளைத் திரையில் காட்டி, கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி ரயிலேறி மேற்குப் பக்கம் வந்த தமிழர்களைப் பற்றிப் பாடமாகப் பேசத் தொடங்கியபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அன்று வீட்டுக்குப் போய், அம்மா நீங்களும் அந்த ரயிலிலா வந்தீர்கள் என்று கேட்டேன். அம்மா மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. வந்த கதையை அதுவரை ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டால், "வந்தனாங்கள், இருக்கிறம்" என்பதோடு கதை முடிந்துவிடும். அன்றைக்கு அவர் அடுப்பைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆர் உனக்குச் சொன்னது?"

"யூனியிலை படிப்பிச்சவை."

"உதெல்லாம் படிப்பிக்கினமே?"

நம்பாமல்தான் கேட்டார். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். பெர்லினில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் ரயில் மேடையில் நின்றதையும், ஒரு பெண் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனதையும் சொன்னார். அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் அம்மா வேலையால் நேரத்தோடு வந்து தேத்தண்ணி போட்டுவைத்து எனக்காகக் காத்திருக்கத் தொடங்கினார். இண்டைக்கு என்ன படிப்பிச்சவை என்று கேட்பார். நான் ஒன்று சொன்னால் அவர் மூன்று சொல்வார். இருபது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாத ஒரு பெண்ணை நான் அந்தப் புதன்கிழமைகளில்தான் சந்தித்தேன். எனக்கு அந்த வகுப்பு வேண்டும் என்றால் அது இதற்காகத்தான், மற்றதெல்லாம் பிறகுதான்.

மாரிகாலப் பருவத்தின் நடுவில் ஆசிரியை ஒருநாள் வகுப்பு முடிவில் வழக்கம்போல அமைதியாகச் சொன்னார்: ஒப்பந்தம் இனி இல்லை, பருவத்தோடு வகுப்பும் முடிகிறது. நாங்கள் கையெழுத்துச் சேர்த்தோம். துறைத் தலைவரைச் சந்தித்தோம். அவர் மிகவும் மரியாதையாக எங்களை இருக்கவைத்து, இது மிகவும் சுவாரசியமான விஷயம், ஆனால் இதற்குத் துறையில் இடமில்லை என்றார். மரியாதையாகச் சொன்னதுதான் எனக்குக் கோபத்தைக் கூட்டியது.

அமெரிக்காவில் அறுபதுகளின் கடைசியில் மாணவர்கள் மாதக்கணக்கில் வகுப்புகளைப் புறக்கணித்து, தங்கள் மக்களின் வரலாற்றுக்கென்றே தனித் துறைகளை உருவாக்க வைத்த கதையை அந்த ஆசிரியைதான் எங்களுக்குப் படிப்பித்திருந்தார். படிப்பித்ததை நாங்கள் செய்து பார்க்கலாம் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். எங்களுக்கு வேண்டியது ஒரு வகுப்பு மட்டுமல்ல, பட்டம் எடுக்கக்கூடிய ஒரு பாடநெறியே வேண்டும் என்று முடிவெடுத்தோம். திங்கட்கிழமை காலை எங்கள் வகுப்பு நடக்கும் மேல்மாடி அறைக்குள் போய் உட்காருவது; துறை எழுத்தில் தரும்வரை எழும்புவதில்லை. பக்கத்து ஊரான கெல்சென்கிர்ச்சனிலிருந்து வந்து படித்த ஒருவன், துருக்கியச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் பேரன், இதில் முன்னுக்கு நின்றான். எங்கள் போராட்டத்துக்குத் தலைவர் கிடையாது, யாரும் பெயர் கொடுக்கக் கூடாது, எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்கக் கூடாது என்பது அவன் போட்ட விதி. நல்ல விதி என்று எல்லாரும் ஒத்துக்கொண்டோம்.

அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டிருந்தால் எல்லாம் வேறு மாதிரி முடிந்திருக்கும். நான் ஒரு கிழமைக்கு முன்பே சொல்லிவிட்டேன். அம்மா உடனே கேட்டது, பொலிஸில் பதிந்தாயிற்றா என்பதுதான். இது பதிந்து செய்கிற விஷயமில்லை என்றேன். அம்மா தலையாட்டினார். எங்களுக்கு எப்படிப் பதிவதென்று தெரியவில்லையாக்கும் என்று அந்தத் தலை நினைத்துக்கொண்டது எனக்கு அப்போது விளங்கவில்லை.

இங்கே ஊர்வல அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பொதிகள் விநியோகிக்கும் வான் சாரதி. அம்மாவுக்கு அண்ணை, எனக்கு மாமா. ஆனால் டோர்ட்மண்டில் எல்லாருக்கும், முதுகுக்குப் பின்னால், அவர் ஊர்வல அண்ணை. எங்கள் ஆட்கள் இந்தப் பகுதியில் நடத்திய ஒவ்வொரு ஊர்வலத்துக்கும், உண்ணாவிரதத்துக்கும், மெழுகுவர்த்தி ஏந்தி நின்ற ஒவ்வொரு பின்னேரத்துக்கும் பொலிஸில் பதிந்தவர் அவர்தான். எத்தனை பேர் வருவார்கள், பதாகை எவ்வளவு நீளம், ஒலிபெருக்கி எத்தனை, ஒழுங்கு பார்க்கிறவர்கள் யார், பொறுப்பாளர் யார் எல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. காரின் பின்பெட்டியில் எப்போதும், ஒழுங்கு பார்க்கிறவர்கள் போடும் மஞ்சள் அங்கிகள் கிடக்கும். ஊரில் போர் முடிந்த அந்த வசந்தத்தில், சனம் தெருவில் குழறி அழுதுகொண்டு நின்றபோதும், பாதையில் ஒரு காரைக்கூட மறிக்காமல் எங்களை நடத்திப் போனவர் அவர். அவரோடு பழகிய பொலிஸ்காரர் ஒருவர் ஓய்வுபெற்றபோது இவரைக் கேக் சாப்பிடக் கூப்பிட்டாராம். எனக்கு அதைக் கேட்டால் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். நாங்கள் அழுவதற்குக்கூட நேரம் குறித்துக் கொடுக்கிற சனம் என்று அம்மாவிடம் சொல்லிச் சண்டை பிடித்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை நாங்கள் முதுகுப்பையும் தூங்கும் பையுமாக மாடியேறிப் போனபோது, அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே சூடு. கதவில் பல்கலைக்கழக முத்திரையோடு ஒரு தாள்: மாணவர் உள்ளிருப்புப் போராட்டத்துக்காக ஒதுக்கப்பட்டது, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி வரை. கதவின் இரண்டு பக்கமும் மஞ்சள் அங்கி போட்ட சிலர் ஒழுங்காக நின்றார்கள். நடுவில் ஊர்வல அண்ணை. அவருக்குப் பக்கத்தில், மாரிக்கோட்டுக்கு மேல் மஞ்சள் அங்கியை இழுத்துப் பூட்டிக்கொண்டு, என் அம்மா.

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். தன் பிள்ளைக்கு நல்லதொன்று செய்துவிட்ட சிரிப்பு. வேலையில் அந்தக் கிழமை முழுக்க லீவு எடுத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

அண்ணை பொலிஸுக்குப் போய், மாணவர்கள் ஒரு அறையைக் கைப்பற்றப் போகிறார்கள், அதைப் பதிய வேண்டும் என்றிருக்கிறார். பொலிஸ்காரர் தலையைச் சொறிந்துவிட்டு, கட்டடத்துக்குள் நடப்பதற்குத் தாங்கள் பொறுப்பில்லை, உரிமையாளரைக் கேளுங்கள் என்று சொல்லி, தானே பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். பல்கலைக்கழகத்துக்குக் கசக்குமா? அறையைத் தந்து, கட்டடத்தின் விதிகளையும் தந்து, பொறுப்பாளராக அண்ணையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. தந்த அறையை எப்படிக் கைப்பற்றுவது? கெல்சென்கிர்ச்சன்காரன் கோபத்தில் சிவந்து போனான். இது போராட்டமில்லை, பிறந்தநாள் விழா என்றான். கீழ்மாடியிலிருக்கும் துறைத் தலைவரின் அலுவலகத்தை இப்போதே போய்ப் பிடிப்போம் என்றான். பெரும்பாலானோர் அவன் பக்கம். நானும் அவன் பக்கம்தான். சட்டம் படித்த ஒருத்திதான் கதவுத் தாளைத் திரும்பப் படித்துவிட்டு, விதியை மீறினால் பல்கலைக்கழகம் முறைப்பாடு செய்யும், எங்களில் யாருடைய பெயரும் அவர்களிடம் இல்லாதபடியால் அது முதலில் கையெழுத்து வைத்தவரின் தலையில்தான் விழும் என்றாள்.

நான் வெளியே வந்து அம்மாவை நடைபாதையின் மூலைக்குக் கூட்டிப் போனேன். யார் உங்களை இதெல்லாம் செய்யச் சொன்னது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அம்மா உள்ளே என்ன முடிவெடுக்கிறீர்கள் என்று கேட்டார். நான் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"உதைச் செய்யாதேங்கோ. அண்ணை ஜெர்மன் பாஸ்போர்ட்டுக்கு அன்ட்ராக் போட்டுப்போட்டு இருக்கிறார். இப்ப ஒரு கேஸ் வந்தால் அவ்வளவும் நிண்டிடும்."

"அது தெரிஞ்சுகொண்டே கையெழுத்து வைச்சவர்?"

"வேறை ஆர் வைக்கிறது? நீங்கள் ஒருத்தரும் வைக்கமாட்டியளாமே."

அண்ணை பல வருடம், ஊருக்குத் திரும்பிப் போகிற நாள் வரும் என்று பாஸ்போர்ட் கேட்காமலே இருந்தவர். கேட்கத் தொடங்கியபோது, பிறப்புச் சான்றிதழ் இல்லை. அது இடம்பெயர்ந்த எங்கோ ஒரு வழியில் தொலைந்திருந்தது. அதற்கொரு டெர்மின், இதற்கொரு டெர்மின் என்று நேரம் வாங்கி வாங்கிக் கந்தோர்களுக்கு அலைந்து, கடைசியில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எப்போதோ கிடைத்துவிட்டது. வீட்டில் அவர் ஒருவர்தான் இன்னும் வெளிநாட்டுக்காரர். பொலிஸில் ஒரு விசாரணை தொடங்கினால், அது முடியும்வரை அவருடைய விண்ணப்பத்தைத் தொடமாட்டார்கள்.

இதை உள்ளே போய்ச் சொன்னேன். வாக்கெடுத்தோம். வெள்ளிக்கிழமை வரை இந்த அறையிலேயே, விதிக்குட்பட்டு இருப்போம், துறையின் குழு வியாழக்கிழமை கூடுகிறது, அதில் முடிவு வரட்டும் என்று சொற்ப வாக்கில் தீர்மானமானது. கெல்சென்கிர்ச்சன்காரன் எதிர்த்து வாக்களித்தான். ஆனால் எழும்பிப் போகவில்லை.

அந்தக் கிழமையை இப்போது நினைத்தால் ஒரு பக்கம் நல்லாகத்தான் இருக்கிறது. போராட்டம் என்ற பெயரில் நாங்கள் அங்கே வகுப்புத்தான் நடத்தினோம். ஆளாளுக்குத் தங்கள் வீட்டுக் கதையைப் பாடமாக்கிக் கொண்டுவந்தார்கள். ஆசிரியை போராட்டத்தில் சேர முடியாது, ஆனால் வகுப்புக்கு யார் கூப்பிட்டாலும் வந்து பேசலாம் என்று சொல்லித் தினமும் வந்தார். அம்மா கொண்டுவந்த கட்லட்டைக் கெல்சென்கிர்ச்சன்காரன் முதல் நாள் தொடவில்லை. அடுத்த நாள் பார்த்தால் பாத்திரத்தோடு வைத்துக்கொண்டிருந்தான்.

அங்கி போட்டவர்கள் உள்ளே வரவில்லை. ஒழுங்கு பார்க்கிறவர்கள் வெளியேதான் நிற்க வேண்டும் என்பது அண்ணையின் சட்டம். சத்தம் வெளியே போகக் கூடாதென்று அவர் கதவைச் சாத்துவார். கொஞ்ச நேரத்தில் அம்மா அதைத் தள்ளித் திறந்து வைப்பார். அவர் திரும்பவும் சாத்துவார். புதன்கிழமை ஆசிரியை, அகதி முகாம்களில் கிழமைக்குக் கிழமை கொடுத்த உணவுப் பொதிகளைப் பற்றிப் பேசினார். எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு குறிப்பெடுத்தோம். கதவடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மாவும் அங்கி போட்ட இன்னொரு அக்காவும், அந்தப் பொதியில் வந்த என்னவென்றே தெரியாத தகரப்பேணி ஒன்றை நினைத்துக் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணையும் சிரித்தார். அன்று அவர் கதவைச் சாத்தவில்லை. எனக்கு அந்த நேரம் அவர்கள் மூன்று பேரிலும் சொல்லத் தெரியாத ஒரு பாசம் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குழுவின் பதில் வந்தது. மாணவர்களின் ஒழுக்கமான நடத்தையைப் பாராட்டியிருந்தார்கள். பாடநெறியைப் பற்றி அடுத்த ஆண்டு வேறு விஷயங்களோடு சேர்த்து யோசிக்கலாம் என்றிருந்தார்கள். வகுப்பு இந்தப் பருவத்தோடு முடிகிறது. ஆசிரியையின் பெயர்கூட அதில் இல்லை.

கெல்சென்கிர்ச்சன்காரன்தான் சொன்னான்: நான்கு மணிக்கு எழும்பாமல் இருந்தால் மட்டும்தான் இது போராட்டம். நாங்கள் அங்கே உட்கார்ந்தபடியே இருந்தால் பல்கலைக்கழகம் பொலிஸைக் கூப்பிடும், பத்திரிகை வரும், அவர்களால் இதை அடுத்த ஆண்டுக்குத் தள்ள முடியாது. அவன் சொன்னது சரி. அது சரியென்று அந்த அறையிலிருந்த எல்லாருக்கும் தெரியும். பிறகு அவன் என்னைப் பார்த்தான். அந்த மனிதர் உன்னுடைய ஆள், நீயே சொல்லு, நீ இரு என்றால் இருப்போம், போவோம் என்றால் போவோம் என்றான். தலைவர் இல்லாத போராட்டத்துக்கு ஒரு நிமிடம் நான் தலைவியானேன்.

கதவு திறந்துதான் இருந்தது. அண்ணைக்கு ஜெர்மன் நன்றாக விளங்கும். அவர் எங்களைப் பார்க்காமல், எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருப்பவர்போல நின்றார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. அம்மாவுக்கும் அந்த வகுப்பு வேண்டும். அது எனக்குத் தெரியும்.

போவோம் என்றேன்.

எல்லாரும் பைகளைக் கட்டினார்கள். அழுகை வந்தது, கோபத்தில் வருகிற அழுகை. அண்ணை உள்ளே வந்து கதிரைகளைப் பழையபடி வரிசையில் வைத்தார், தும்புத்தடியை எங்கிருந்தோ கொண்டுவந்து கூட்டினார், நான்கு மணிக்கு முன்பே அறையைப் பூட்டித் திறப்பைக் கட்டடக் காவலரிடம் கொடுத்தார். படியிறங்கும்போது என்னிடம் வந்து, "நல்ல பிள்ளையள்" என்றார்.

"நல்ல பிள்ளையளாய் இருந்ததாலைதான் மாமா தோத்தனாங்கள்."

அவர் நின்றுவிட்டார். நான் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனேன். இன்றைக்கும் அந்த வார்த்தையைத் திருப்பி எடுக்க எனக்கு எண்ணமில்லை. அது உண்மை.

வகுப்பு முடிந்தது. ஆசிரியை பீலெஃபெல்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை எடுத்துப் போய்விட்டார். கெல்சென்கிர்ச்சன்காரன் கொஞ்சக் காலம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. புதன்கிழமைகளில் அம்மா பழைய நேரத்துக்கே வந்தார், தேத்தண்ணி போட்டார், என்ன படிப்பிச்சவை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல எதுவுமில்லை. கொஞ்ச நாள் நான் சும்மா பழைய கதைகளைக் கிளறிப் பார்த்தேன். அம்மா தெரியேல்லை, மறந்துபோச்சு என்றார். வெளியில் ஒரு இடத்தில் அது பாடமாக இருந்தபோது வந்த தைரியம், அது இல்லாமல் போனதும் போய்விட்டது. அந்த வருடம் முழுக்க எனக்கு மனம் சரியில்லை.

அண்ணைக்கு அடுத்த இலையுதிர்காலத்தில் பாஸ்போர்ட் கிடைத்தது. மண்டபம் எடுத்துச் சாப்பாடு கொடுத்தார். அம்மாவின் கரைச்சல் தாங்காமல் நானும் போனேன். அவர் கோட்டுப் போட்டு, தலைமுடிக்கு மை பூசி, மாப்பிள்ளை மாதிரி நின்றார். நான் கை கொடுத்து வாழ்த்தினேன். சந்தோசமாகத்தான் இருந்தது, அதே நேரம் அந்தப் பாஸ்போர்ட்டுக்குள் எங்கள் வகுப்பும் கிடக்கிறதென்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். புரியாணி நல்ல உறைப்பு.

அந்தப் பாடநெறி இப்போது இருக்கிறது. சென்ற ஒக்டோபரில் தொடங்கியது. சின்னப் பாடநெறிதான், ஆனால் பட்டம் எடுக்கலாம். அதை வாங்கித் தந்தது நாங்கள் இல்லை. எங்களுக்குப் பின்னால் வந்த மாணவர்கள் ஒரு மாரியில் அதே கட்டடத்தின் கீழ்மாடியில், யாரையும் கேட்காமல், துறை அலுவலகத்துக்கு முன்னாலிருந்த கூடத்தில் போய் உட்கார்ந்தார்கள். அப்போது நான் படிப்பை முடித்து டோர்ட்மண்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். செய்தி வந்ததும், வேலை முடிந்து அங்கே போகிறேன் என்று அம்மாவுக்குச் சொன்னேன். தானும் வாறன் என்றார்.

நாங்கள் போனபோது கூடத்தின் தரையில் மாணவர்கள் நிறைந்து இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், சுவரோடு முதுகைச் சாய்த்து, முழங்கால் மடக்க ஏலாமல் கால்களை நீட்டிக்கொண்டு ஊர்வல அண்ணை இருந்தார். மஞ்சள் அங்கி இல்லை. சாதாரண ஸ்வெற்றர். என்னைக் கண்டதும் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"மாமா, பதிஞ்சாச்சோ?" என்றேன். பகிடிக்குத்தான் கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை. பாஸ்போர்ட்டுச் சோதினைக்குப் படிக்கேக்கைதான் பாத்தனான். ஜெர்மன்காரர் எல்லாருக்கும், பதியாமல், ஒருத்தரையும் கேளாமல், ஒண்டாய்க் கூடி இருக்கிற உரிமை இருக்காம். இப்ப நானும் ஜெர்மன்காரன்தானே."

வெளியிடத்துக்கு வேறு விதி, அடுத்தவன் கட்டடத்துக்கு வேறு விதி என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அவர் இத்தனை வருடம் பதிந்து பதிந்து நின்றது, அந்த உரிமை தனக்கில்லை என்று எங்கோ ஒரு இடத்தில் தெரிந்திருந்தபடியால்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு அது பிறக்கும்போதே கிடைத்தது. நான் ஒருநாளும் அதை எடுத்துப் பார்த்ததில்லை.

அம்மா கூடத்துக்குள் வரவில்லை. கண்ணாடிக் கதவடியில், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா இன்னும் பாஸ்போர்ட்டுக்குக் கேட்கவில்லை. இலங்கைப் பாஸ்போர்ட்டும் வதிவிட அட்டையும்தான் அந்தப் பைக்குள் இருக்கும், எப்போதும்.

ஆறு மணிக்குக் கட்டடக் காவலர் வந்து, கட்டடம் பூட்டுகிற நேரம், இதற்கு மேல் இருக்கிறவர்களைப் பற்றிப் பொலிஸுக்கு அறிவிக்க வேண்டியிருக்கும் என்று வருத்தத்தோடு சொன்னார். மாணவர்கள் அசையவில்லை. அண்ணை பழக்கத்தில் எழும்புவதற்குத் தரையில் கையை ஊன்றிவிட்டார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இருந்தபடியே இருந்தார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். நேரம் சரி, இனி வெளிக்கிடுவார் என்று நினைத்தேன். அம்மா கதவைத் தள்ளித் திறந்தார். சப்பாத்துகளுக்கும் பைகளுக்கும் இடையில் கால் வைக்க இடம் பார்த்துப் பார்த்து வந்து, அண்ணைக்குப் பக்கத்தில் தரையில் இருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

எனக்குப் பயம் பிடித்தது. அம்மாவின் கைப்பையும், அதற்குள் இருந்த அட்டையும், பொலிஸ்காரர் அதை வாங்கிப் பார்க்கப் போவதும் மட்டும்தான் மனதில் வந்தன. வாங்கோ அம்மா, வீட்டை போவம், ஆரையும் கேட்டுப்போட்டு நாளைக்கு வருவம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா அண்ணையோடு என்னவோ கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.